சீக்கிரம் உறையும் ரத்தம்

ரத்தம் சீக்கிரம் உறையும் உடம்போடு பிறந்தவர்களே, நோயாளியாக இருப்பதும் ஓர் உத்தியோகம்தான்: லீவு கிடையாது, கூட வேலை பார்க்க ஆளும் கிடையாது.

அத்தை

பிரசவமான மறுவாரம் இடது கால் வீங்கியது. ரத்தக்கட்டி. டாக்டரம்மா காலைவிடக் குடும்பத்தைத்தான் அதிகம் விசாரித்தார். அப்பாவின் தங்கை பிள்ளை பெற்ற சில நாளில் மூச்சு வாங்கி இறந்ததைச் சொன்னேன். வீட்டில் அதற்கு மாரடைப்பு என்று பெயர். "அதுவும் கட்டியா இருந்திருக்கலாம். இது வம்சத்துல வர்றது" என்றார். என் ரத்தத்தைச் சோதித்ததில் அது உறுதியானது. தங்கை சுதாவையும் சோதிக்க வேண்டுமாம்; அதுவரை, கட்டியை வரவழைக்கக்கூடிய ஹார்மோன் மாத்திரை எதையும் அவள் தொடக் கூடாதாம். ஆட்டோவில் ஏறியதும் அம்மா சொன்னாள்: "கல்யாணம் முடியட்டும், சுதாகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத."

தண்ணீர்

நிறையத் தண்ணீர் குடி, நட என்பது டாக்டரம்மா உத்தரவு. எங்கள் வைத்திக்குப்பம் வீட்டிலோ பிள்ளை பெற்றவளுக்கு அரை டம்ளர் தண்ணீர், நாள் முழுக்கப் படுக்கை. அம்மா மீன் வாங்கப் போகும் நேரம் பார்த்துக் குடித்தேன், மாடியில் நடந்தேன். கான்வென்ட்டில் வாயில் விரல் வைத்து வரிசையில் போன பழக்கம்தான். இப்போது வரிசையில் நான் ஒருத்தி மட்டும். ஒருநாள் அம்மாவிடம் மாட்டிக்கொண்டேன். "பச்ச ஒடம்புல மொட்ட மாடியில என்னாடி ஊர்வலம்?"

ஊசி

ரத்தம் உறையாமலிருக்க, தினமும் வயிற்றில் நானே போட்டுக்கொள்ள வேண்டும். பிரான்ஸில் இருக்கும் கணவரை வீடியோவில் கூப்பிட்டு, "சும்மா பாத்துக்கிட்டாவது இருங்க" என்றேன். ஊசியைக் கண்டதும் அவர் முகம் வெளுத்தது. "போன அந்தப் பக்கம் திருப்பும்மா, எனக்கு மயக்கம் வருது."

மாத்திரை

சுதாவுக்கு அடுத்த வாரம் கல்யாணம். தவளக்குப்பத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா ஜாக்கெட் அளவு வாங்க வந்து உட்கார்ந்திருந்தார். மணவறையில் தீட்டு வந்துவிடக் கூடாதென்று, நாள் தள்ளிப்போடும் மாத்திரையை அம்மா சுதாவின் கையில் வைத்தாள். அதுவும் ஹார்மோன்தான். நான் வாயைத் திறந்ததும் அம்மா கண்ணாலேயே அடக்கினாள். எனக்குப் போட்டோவில் பார்த்த அத்தையின் முகம்தான் தெரிந்தது.

"அதப் போடாத சுதா. எனக்கு இருக்கறது உனக்கும் இருக்கலாம். அத்தை செத்ததே இதாலதான் இருக்கும்."

சம்பந்தியம்மா அளவு ஜாக்கெட்டை மடித்தபடியே இருந்தார். சுதா மாத்திரையைத் தட்டில் வைத்தாள். "வந்தா வந்துட்டுப் போவட்டும்மா. நான் உசுரோட தாலி கட்டிக்கிறேன்."

ஆக, சுதா சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள், தவளக்குப்பத்திலிருந்து போன் வரவில்லை, அம்மா என்னோடு பேசுவதில்லை, இத்தனை நாள் மறைத்ததற்குச் சுதாவுக்கும் கோபம். வீட்டில் என்மேல் கோபமில்லாத ஒரே ஆள், இன்னும் பேச்சு வராத என் மகள்தான்.