முடக்கப்பட்ட பெயர்

அண்ணன் மகன் தென்னந்தோப்பில் என் முன்னால் மடிக்கணினியைத் திறந்து வைத்த அந்தப் பொங்கல் காலை நினைவை விட்டுப் போவதில்லை. மாநில எல்லையை ஒட்டிய எங்கள் எருத்தேன்பதிக் குடும்பத்தில் தரவுத்தளத்தில் முனைவர் பட்டம் வாங்கியவன் அவன் ஒருவன். அவன் வேலை என்னவென்று விளங்கியவன் நான் ஒருவன். வழங்கல் அலுவலகத்தில் காலமெல்லாம் இரட்டை ரேஷன் கார்டுகளைத் துரத்தியவன் நான். பெங்களூரு ஆய்வகத்தில் அவன் அதையே செய்தான், வெயிலில் அலையாமல். பெயரும் முகவரியும் வேறாக இருந்தாலும் இரண்டு பதிவும் ஒரே ஆள்தான் என்று கண்டுபிடிக்கும் முறை அவனுடையது.

"மாட்டுனதும் ரெண்டு பதிவும் பூட்டிக்குமுங்க சித்தப்பா. விசாரணை முடியற வரைக்கும் யாரும் அழிக்க முடியாது. ஒண்ணெ அழிச்சுப்போட்டு யோக்கியனாட்ட நிக்கறதெல்லாம் இனி ஆகாதுங்க" என்றான். அரசாங்கம் செய்ய வேண்டியதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன எவரையும் என் சர்வீசில் பார்த்ததில்லை என்று பாராட்டினேன்.

அரசு அந்த முறையை எடுத்துக்கொண்டது. அவனுக்குப் பதவி உயர்வும் வந்தது. இரு மாநிலப் பட்டியல்களையும் ஒப்பிட்டபோது மாட்டியவர்களில் அவன் அக்காவும் ஒருத்தி. அவளை எல்லைக்கு அந்தப் பக்கம், கோயம்புத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். அங்கே ஒரு கார்டு. பிறந்த வீட்டுக் கார்டிலும் பெயர் இருந்தது. மகள் பெயரை வெட்ட எங்கள் பக்கத்து அம்மாக்கள் விடமாட்டார்கள். கணவன் இறந்து திரும்பி வந்தவளுக்குச் சிறுநீரகம் கெட்டது. அந்தப் பக்கக் கார்டின் காப்பீட்டில் கோயம்புத்தூரில் டயாலிசிஸ் நடந்தது. பூட்டு விழுந்ததும் காப்பீடு நின்றது.

இங்குள்ள பெயரை நீக்கச் சொல்லி, எங்கள் பக்கத்துச் சித்தூர் வழங்கல் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். எனக்குக் கீழே வேலை பார்த்த அதிகாரி எழுந்து நின்று, நாற்காலி போட்டு, திரையைத் திருப்பிக் காட்டினார்: முடக்கப்பட்ட பெயரை நீக்க இயலாது. இந்தப் பக்கத்து விசாரணை அந்தப் பக்கத்து அறிக்கைக்குக் காத்திருந்தது. அந்தப் பக்கத்து விசாரணை இந்தப் பக்கத்து அறிக்கைக்கு. அவனும் பெங்களூருவிலிருந்து ஓடி வந்து தெரிந்தவர்களிடமெல்லாம் கெஞ்சினான். உங்கள் முறைப்படிதான் நடக்கிறது என்று எல்லோரும் மரியாதையாகவே சொன்னார்கள்.

கையிலிருந்து செலவழித்துச் சிகிச்சை தொடர்ந்தது. தம்பி கடன் வாங்குவதைப் பார்த்து, அவள் நடுநடுவே டயாலிசிஸுக்குப் போகாமல் இருந்துகொண்டாள். கால் வீங்கிக் கட்டிலில் கிடந்தவள் ஒருநாள் கேட்டாள்:

"ஏன்டா தம்பி, அந்தப் பூட்டெத் தொறக்க வழியே வெக்கலியா?"

"ரெண்டு வழி இருக்குதுக்கா. விசாரணை முடியோணும்."

இரண்டாவதை அவன் சொல்லவில்லை. அவள் சிரித்தாள்.

"செரி, உடு. எது முந்துதுன்னு பாக்கலாம்."

ஆடியில் போய்விட்டாள். இறப்பைப் பதிந்ததும் இரண்டு பூட்டும் தாமாகவே திறந்துகொண்டன.

அவன் இன்னும் அதே ஆய்வகத்தில்தான் இருக்கிறான். ஞாயிறுதோறும் போன் செய்கிறான், பேசுவது ஒன்றுதான். "அறிக்கை வந்துதுங்களா சித்தப்பா? அக்கா மேல தப்பில்லைன்னு ஒரு வரி வந்தாப் போதுமுங்க."

விசாரிக்கப்படுபவர் இறந்துவிட்டால் விசாரணை கைவிடப்படும், அறிக்கை எழுதுவதில்லை. அதுதான் விதி. இன்னும் வரவில்லையப்பா என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறேன்.