சர்க்கரை இல்லாத டீ

டீயில் சர்க்கரை போட்டால் எனக்குப் பிடிக்காது. இதில் பெரிய சேதி ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒருத்தன் ஒன்றை வேண்டாம் என்றால் அதற்கு வேண்டுதல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வியாதி இருக்க வேண்டும். வெறுமனே பிடிக்கவில்லை என்பதை யாரும் ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்வதில்லை.

கச்சிராயபாளையத்தில் கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்கு நிற்கும்போது தினமும் ஒரு கடையில் டீ குடிப்பேன். அங்கே வரும் கரும்பு விவசாயி ஒருவர் முதல் வாரமே கேட்டார்: "சுகருங்களா?" இல்லை, பிடிக்காது என்றேன். "ஆரம்பத்துல எல்லாரும் அப்டித்தாங்க சொல்வாங்க" என்றார். மறுநாள் ஒரு பை ஆவாரம்பூ கொண்டுவந்து கொடுத்தார். அதற்கடுத்து பாகற்காய். என் பெயர்கூட அவருக்குத் தெரியாது. அந்தக் கடையில் நான் 'சுகர் சார்'. எரிச்சலில் ரத்தப் பரிசோதனை செய்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னேன். "கட்டுப்பாடா இருக்கீங்க, அதான்" என்று பாராட்டினார்.

ஒருநாள் பசியில் ஓர் அதிரசம் வாங்கினேன். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் அவர் அதைப் பிடுங்கிக்கொண்டார். "இன்னா சார் நீங்க? வூட்ல புள்ளைங்க இருக்குதுல்ல?" கடையே என்னைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

பிடுங்கிய அதிரசத்தை அவர் நிதானமாகப் பிட்டுப் பிட்டுத் தின்றார். உங்களுக்குச் சுகர் இல்லையா என்று கேட்டேன்.

"ஜாஸ்தியாவே இருக்குது சார். அதான் மாத்திர போட்டுக்கினு இருக்கேன்ல."