தெரியாது என்றாள் எல்லம்மா

குமணன்சாவடியில் எல்லம்மாவின் வாய்க்குப் பயப்படாதவர் கிடையாது. புருஷன் செத்த பிறகு வெள்ளரிப்பிஞ்சு விற்றே மகன் கஜபதியைப் படிக்கவைத்து, ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலைக்கு ஏற்றிவிட்டவள்.

தொண்ணூறுகளில் ஒரு கோடை. கடலுக்கு அந்தப் பக்கத்துச் சண்டை இந்தப் பக்கமும் வந்து வெடித்தது. எல்லம்மாவுக்குக் கால் வீக்கம் என்று, பொதுக்கூட்டத்துக்கு மருமகள் நாகவல்லி கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். இடுப்பில் குண்டு கட்டிவந்த ஒருத்தி ஜனங்களுக்கு நடுவில் வெடித்தாள். செத்த பதினாலு பேரில் ஒருத்தரும் எந்தச் சண்டைக்கும் போனவரில்லை.

வீடு திரும்பாத நாகவல்லியைக் கஜபதி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடப் போயிருந்தான். போலீஸ் ஒரு போட்டோவோடு வீடு வீடாக வந்தது. பாதி முகம்தான். எல்லம்மாவுக்கு அதுவே போதும்.

"குண்டு கட்டினவ இவளா இருக்கலாம். தெரியுமா?"

சொன்னால் மகனை இழுத்துப்போவார்கள், வேலை போய்விடும்.

"தெரியாது சார்."

மகனிடமும் அவள் மூச்சு விடவில்லை. சந்தேகப்பட்ட அந்த உடலைப் போலீஸ் தனியே வைத்திருந்தது. அவன் கண்ணில் படவேயில்லை.

பத்தாம் நாள் பேப்பரில் அதே படம். குழாயடியில் பக்கத்து வீட்டுத் தாட்சாயிணி காறித் துப்பினாள். "பாவி, மூஞ்சப் பாரு. இவளப் பெத்த வயித்துல கொள்ளி வைக்க!"

எல்லம்மா குடத்தைப் போட்டாள். "நாக்க அறுத்துடுவேன்டி! வெள்ளரிப்பிஞ்சு விக்கப் போன என் மருமவடி அது!"

நேரே ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

"அன்னிக்குத் தெரியாது, இன்னிக்கு மருமவளா? இன்னா கெழவி, கதையா உடுற?"

கஜபதியை ஒன்பது நாள் உள்ளே வைத்தார்கள். விசாரித்து, நாகவல்லி குண்டுக்காரி இல்லை என்று எழுதி அனுப்பினார்கள். உடலைக் கேட்டால், ஆளில்லாத பிணமென்று, பேப்பரில் படம் வருமுன்பே எரித்தாயிற்றாம்.

"மொத நாளே போட்டோ காட்னாங்களாமே மா?"

"காட்னாங்க. தெரிஞ்சிது. உன் வேல பூடும்னு சொல்லல."

"நான் தெருத்தெருவா சுத்திகினு கெடந்தேனே. எனக்காச்சும் சொன்னியா?"



அவன் துணிமணியை அள்ளிக்கொண்டு நெமிலிச்சேரியில் நாகவல்லியின் அம்மா வீட்டுக்குப் போனான். வேலை போகவில்லை. அங்கிருந்தே ரயிலேறிப் போய்வந்து, அந்த மாமியாருக்குச் சோறு போட்டான். எல்லம்மா வாசலை அவன் மிதிக்கவேயில்லை.