வேண்டுதல் தாடி

கள்ளக்குறிச்சியில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, ஒரு ஜவுளிக்கடை பாய் வீட்டு மாடியறையில் தனியாகக் குடியிருந்தேன். முப்பது தாண்டியாகிவிட்டது. கல்யாணம் என்று ஒன்று நடந்தால் அவரோடுதான். இன்னமும் 'அவர்' என்றுதான் வருகிறது, பழக்கதோஷம். மலையில் கடுக்காயும் புளியும் வாங்கி அனுப்புகிற வியாபாரி. வாரமெல்லாம் மலைமேல் கரியாலூர், ஞாயிறு மதியம் என் அறை. தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்பார். வீட்டுக்காரம்மாவிடம் அவரை மாமா பையன் என்று சொல்லிவைத்திருந்தேன். அந்தம்மாவும் நம்பி டீ கொடுத்தனுப்புவார்.

ஒரு ஞாயிறு தாடியோடு வந்தார்.

"நம்ம கல்யாணத்துக்குத்தான் வேண்டிக்கினு விட்டிருக்கேன்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அது வளர வளர அதில் மாப்பிள்ளைக் களை பார்த்துக்கொண்டிருந்தேன், வெட்கங்கெட்டவள்.

அப்போதுதான் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். புளியமரங்களை வெட்டி ரோட்டில் போட்டுவிட்டார்கள். பஸ் ஓடவில்லை, வகுப்புக்கும் யாரும் வரவில்லை. மலையில் அவருக்கு அரிசி இருக்கிறதோ இல்லையோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பேச்சுக்குக்கூட ஆளில்லாமல் அறையிலேயே கிடந்தேன்.

வீட்டுக்காரம்மா சாப்பாட்டுத் தட்டோடு மேலே வந்தார்.

"உங்க மாமா பையன் சம்சாரத்துக்கு இது எத்தினாவது மாசம் டீச்சர்?"

"அவருக்கு இன்னும் கல்யாணமே ஆவலிங்க."

"ஆவலியா? உங்க ஆளுங்கள்ல சம்சாரம் முழுகாம இருந்தாதானே ஆம்பளைங்க தாடி விட்டுக்கினு திரிவாங்க?"

தப்பாகப் பேசிவிட்டோமோ என்று நினைத்தாரோ என்னவோ, தட்டை வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

எனக்குத் தெரியாத வழக்கமா அது? என் அண்ணனே அப்படித் திரிந்தவன்தான். ஆனாலும் பஸ் ஓடும்வரைக்கும் மனசுக்குள் அந்தம்மாவைத்தான் திட்டித்தீர்த்தேன். வேண்டுதல் என்று நம்பினால்தான் எனக்கு ஒரு ஆள் இருந்தார்.

பஸ் விட்டதும் வந்தார். மழமழவென்று சவரம் செய்த முகம். மலையில் மாட்டிக்கொண்டு பட்ட கஷ்டத்தையெல்லாம் டீ ஆறும்வரை சொன்னார். சொல்லி முடித்ததும் கேட்டேன்.

"வேண்டுதல் முடிஞ்சிடுச்சிங்களா?"

"ஆங், முடிஞ்சிடுச்சி."

"ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையாங்க?"

"பொண்ணு" என்றார், வாயெல்லாம் பல்லாக. சொன்ன பிறகுதான் முழித்தார்.

அந்தச் சிரிப்பு பொய்யில்லை. என்னைப் பார்த்து ஒருநாளும் அவர் அப்படிச் சிரித்ததில்லை.