கோணல் கோட்டுக்குத் திரும்பிய மைதானம்

என் அக்கா மாநகராட்சியில் பூங்காக் கண்காணிப்பாளராக இருந்தாள். என்ன வேலை என்று யாராவது கேட்டால், "புல் வளருது, நாங்க வெட்டறோம், மறுபடியும் வளருது" என்பாள். அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நம்பிப் போனவர்களும் உண்டு. நகரத்துப் பூங்காக்களும், விளையாட்டு மைதானங்களும், சாலை நடுவே புகையைக் குடித்துக்கொண்டு நிற்கும் செடிகளும், அவற்றை வெட்டி, நனைத்து, கூட்டி, பூட்டித் திறக்கிற ஆட்களும் அவள் பொறுப்பு.

அவள் இறந்துபோன பிறகு வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் அந்த ஆட்கள்தான். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, எங்கே நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்கள். ஒருவர் மட்டும் யாரிடமும் கேட்காமல் பின்பக்கம் போய், நாங்கள் மறந்துவிட்டிருந்த தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார். அவரை எல்லோரும் நூலண்ணன் என்பார்கள். அவருக்கும் அக்காவுக்கும் நடுவில் நடந்த ஒன்றை எழுதினால் அக்கா எப்படிப்பட்டவள் என்பது கொஞ்சம் வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

அக்காவின் அலுவலகம் பெரிய பூங்காவின் கருவிக் கொட்டகைக்கு மேலே இருந்தது. இரும்புப் படி ஏறினால் ஒரே ஓர் அறை. ஒரு சுவர் முழுக்கச் சாவிகள் தொங்கும். கீழேயிருந்து பெட்ரோலும் வெட்டிய புல்லும் கலந்த வாசனை வரும். நாற்காலியில் மழைக்காலணிகளும் அவள் கைப்பையும் உட்கார்ந்திருக்கும். அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அகல விளிம்புத் தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு வெயிலில்தான் இருப்பாள். ஆட்கள் முதுகுக்குப் பின்னால் தொப்பியம்மா என்பார்கள். தூரத்தில் தொப்பி தெரிந்தால் மரத்தடியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கெல்லாம் திடீரென்று வேலை ஞாபகம் வரும். அக்காவுக்கும் அது தெரியும். "தொப்பியை வேலியில மாட்டிட்டு வந்துட்டா நான் வீட்ல தூங்கலாம்" என்பாள்.

காலையில் கொட்டகை வாசலில் எல்லோரும் நின்றபடியே டீ குடிப்பார்கள். அங்கே அக்கா ஒரு வழக்கம் வைத்திருந்தாள். முந்தின நாள் யார் எதைச் சொதப்பியிருந்தாலும் அந்த டீ முடிவதற்குள் அவர்களே வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும். திட்டும் கிண்டலும் அப்போதே நடந்துவிடும். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. புல்வெட்டும் வண்டி ஓட்டும் மிஷின்காரர் ஒருமுறை புதிதாக நட்ட பூ நாற்றையெல்லாம் வழித்து எடுத்துவிட்டு வந்து, "நேத்து நட்டது இன்னைக்கு இல்ல மேடம்" என்று ஆரம்பித்தாராம். ஏதோ நாற்றுகள் தாமாகவே எழுந்து போய்விட்ட மாதிரி.

நூலண்ணன் மைதானத்தில் கோடு போடுகிறவர். கால்பந்து, ஓட்டப்பந்தயம், எதுவானாலும் வெள்ளைக் கோடு அவர் கையால்தான். சட்டைப்பையில் எப்போதும் ஒரு நூல்கண்டு இருக்கும். "இந்த வயசுல யாருக்குண்ணே நூல் விடறீங்க?" என்று மிஷின்காரர் தினமும் கேட்பார். "உங்க வீட்டுக் கொடியிலதான் கட்டியிருக்கேன், இழுத்துப் பாரு" என்று இவரும் தினமும் சொல்வார்.

இத்தனை வருஷமாக அவர் தினக்கூலிதான். வந்தால் சம்பளம், வராவிட்டால் இல்லை. அந்த வருஷம் சிலரை நிரந்தரமாக்குவதாக இருந்தார்கள். அக்கா அவரையும் சிபாரிசு செய்திருந்தாள். வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்ததால் இந்த முறை விட்டால் அவருக்கு அடுத்த முறை கிடையாது. முடிவு துணை ஆணையர் கையில். வேலையில் பெரிய தவறு என்று எழுத்தில் ஏறிவிட்டால் பெயர் கழன்றுவிடும். பள்ளிக் கால்பந்துப் போட்டியின் தொடக்க நாளில் துணை ஆணையர் மைதானத்துக்கு வருவார், அதன் பிறகு கையெழுத்துப் போடுவார் என்று பேச்சு.

போட்டிக் காலத்துக்கு முன்னால் அவர்கள் ஒரு வேலை செய்வார்கள். கோடு வரவேண்டிய இடத்தில் நூல் பிடித்து, கையகலத்துக்குக் களைக்கொல்லி தெளித்து வைப்பார்கள். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து அந்த இடத்தில் மட்டும் புல் மஞ்சளாகிக் காய்ந்து போகும். அதன்மேல் வெள்ளை அடித்தால் போட்டிக் காலம் முழுக்கக் கோடு பளிச்சென்று இருக்கும். மூலைகளைக் கண்டுபிடிக்க மண்ணில் நான்கு இரும்பு வில்லைகள் புதைந்திருக்கும். நூலண்ணன் காலால் தடவியே கண்டுபிடித்து, பக்கத்தில் முளை அடித்து, நூலைக் கட்டுவார்.

அந்த வருஷம் மைதானத்தில் புதிதாகத் தண்ணீர் தெளிப்பான்கள் பதித்திருந்தார்கள். அவற்றின் மூடியும் வட்டம், அதே அளவு. நடைப்பயிற்சிக்காரர்கள் வருவதற்கு முன்னால் மருந்து அடித்து முடித்துவிட வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தாள். இருட்டு பிரியாத நேரம். ஒரு மூலையில் வில்லை சரியாகக் கிடைத்தது. எதிர் மூலையில் அவர் காலுக்குக் கிடைத்தது தெளிப்பான் மூடி. அந்த ஒரு நீளக் கோட்டை முடித்ததுமே காற்று கிளம்பிவிட்டதால், மருந்து பறக்குமென்று மிச்சத்தை நிறுத்திவிட்டார்கள். காற்றும் நாலைந்து நாள் விடவில்லை. அதற்குள் புல் மெல்ல மெல்ல உண்மையைச் சொல்லத் தொடங்கிவிட்டது.

அன்று காலை நூலண்ணன் டீயைத் தொடவில்லை.

"மேடம், கோடு கோணலாப் போச்சு."

"எவ்வளவு?"

"இந்த மூலையில சரியா இருக்கு. அந்த மூலையில வில்லைக்கும் கோட்டுக்கும் நடுவுல ஒரு ஆள் படுக்கலாம்."

"நீட்டியா, முடக்கியா?" என்றார் மிஷின்காரர். யாரும் சிரிக்கவில்லை. அவரே டம்ளருக்குள் பார்க்க ஆரம்பித்தார்.

எல்லோருமாகப் போய்ப் பார்த்தார்கள். பச்சைப் புல்லில் மஞ்சள் கோடு ஒன்று, நூல் பிடித்தது என்பதால் ஒரு நெளிவு கூட இல்லாமல், அழகாக, தப்பான திசையில் போய்க்கொண்டிருந்தது. அக்கா குனிந்து மூடியைத் தட்டிப் பார்த்தாள்.

"இதைத்தான் மிதிச்சீங்களாண்ணே?"

"காலுக்கு அப்படியேதான் இருந்தது மேடம்."

"இருட்டுல அடிக்கச் சொன்னது நான்தானே."

"கால் என்னோடதுதானே மேடம்."

மிஷின்காரர் ஒரு வழி சொன்னார். நாற்றங்கால் பக்கத்திலிருந்து புல்தரையைப் பாளம் பாளமாக வெட்டி வந்து கோட்டை மூடிவிடலாம். துணை ஆணையருக்கு அது புல், இது புல் என்று என்ன தெரியப்போகிறது? அக்கா தலையசைத்து மறுத்தாள். புதுப் பாளம் வேர் பிடிக்க நாளாகும். அதற்குள் பிள்ளைகள் பூட்ஸோடு அதன்மேல் ஓடினால் பிய்த்துக்கொண்டு வரும். எவனாவது கால் மடங்கி விழுவான். அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் சரியான கோடு போட்டால், எது கோடு என்று பிள்ளைகள் குழம்புவார்கள்.

"அப்ப என் பேரு?" என்று நூலண்ணன் கேட்கவில்லை. ஆனால் அவர் டம்ளரைக் கழுவுகிறேன் கழுவுகிறேன் என்று குழாயடியிலேயே நின்றுகொண்டிருந்தார் என்று அக்கா சொன்னாள்.

அன்று மாலை சாப்பிடும்போது இதையெல்லாம் எங்களிடம் சொன்னாள். அத்தானுக்குத் தையல் கடை. அவர் எதையும் துணியாகத்தான் பார்ப்பார்.

"மத்த மூணு பக்கம் அடிச்சாச்சா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? ஒரு பக்கம் கோணலா வெட்டிட்டோம்னா துணியைத் தூக்கியா போடுவோம்? அந்த வெட்டையே ஓரமா வெச்சுக்கிட்டு மத்ததைத் திருப்பிப் போட்டு வெட்டுவோம். உன் மைதானத்தைத் திருப்பிடு, போ."

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"என்னங்க சொன்னீங்க?"

"சும்மா சொன்னேம்மா. சாப்பிடு."

"இல்ல, மறுபடியும் சொல்லுங்க."

மறுநாள் அவளும் நூலண்ணனும் மைதானம் முழுக்கக் கயிறோடு நடந்தார்கள். கோணல் கோட்டை அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற மூன்றையும் அதற்குச் சரியாகப் போட்டுப் பார்த்தார்கள். இடம் இருந்தது. அதோடு மொத்தத்தையும் அந்தக் கோட்டின் வழியே கொஞ்சம் தள்ளிவிட்டால், கோல் கம்பங்களுக்கு முன்னால் வருஷக்கணக்காக மிதிபட்டு மொட்டையாகிப்போன மண்ணுக்கும் ஓய்வு கிடைக்கும். அந்த ஓய்வை அக்கா எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். கம்பத்தைப் பிடுங்கி நடுகிற வேலை யாருக்கு என்று ஒவ்வொரு வருஷமும் தள்ளிப்போனது.

ஒரு பெஞ்சை மட்டும் நகர்த்த வேண்டியிருந்தது. அதில் ரிடையரான தபால்காரர் ஒருவர் தினமும் உட்காருவார். பெஞ்சைக் கிளப்ப ஆட்கள் வந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை.

"வீடு மாத்தறவங்களைப் பார்த்திருக்கேன். மைதானம் மாத்தறவங்களை இப்பதான்யா பார்க்கறேன். இனிமே நான் எந்த விலாசத்துல உட்காருவேன்?"

"நிழல் இருக்கற விலாசத்துல சார்," என்றாள் அக்கா. "இங்க பத்து மணிக்கே வெயில் வந்துடும். அந்த மரத்தடியில மத்தியானம் வரைக்கும் வராது."

அவர் போய் மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து அனுமதி கொடுத்தார்.

தொடக்க நாளுக்கு நானும் போயிருந்தேன். வெள்ளைக் கோடுகள் சலவை செய்த மாதிரி இருந்தன. யாருக்கும் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. துணை ஆணையர் கொடியசைத்துவிட்டு, அக்காவுக்குப் பக்கத்தில் நின்று ஆட்டம் பார்த்தார். மெலிந்த மனிதர், பேசுவதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றுவார். இடைவேளையில் கழற்றினார்.

"அந்தக் கோல் கம்பம் முன்னாடி வாசலுக்கு நேரா இருந்ததில்ல?"

"ஆமா சார். மைதானத்தைத் தள்ளித் திருப்பியிருக்கோம்."

"ஏன்?"

கோல் முகப்பு மண் தேய்ந்துவிட்டது என்று அவள் சொல்லியிருந்தால் அதுவும் உண்மைதான். வேலிக்கு அந்தப் பக்கம் நூலண்ணன் நூலைச் சுற்றிச் சுற்றிக் கண்டாக்கிக்கொண்டிருந்தார். நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு கோடு தப்பா விழுந்துடுச்சு சார். மருந்து அடிச்சதால அழிக்க முடியல. அதனால மத்ததை அதுக்கு ஏத்த மாதிரி மாத்தினோம். கோல் முகப்பு மண்ணுக்கு ஓய்வு கிடைச்சது லாபம். ஆனா காரணம் அது இல்ல."

"யார் போட்ட கோடு?"

"நிரந்தரப் பட்டியல்ல நான் சிபாரிசு பண்ணியிருக்கேனே, அவர் போட்டது. இருட்டுல போடச் சொன்னது நான். புதுத் தெளிப்பான் மூடியும் மூலை வில்லையும் ஒரே அளவுல இருக்குன்னு நான்தான் கவனிச்சிருக்கணும். எழுதறதா இருந்தா என் பேர்ல எழுதுங்க."

"நான் கேட்கலைன்னா?"

"நீங்க கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி வந்து சொல்லியிருப்பேன் சார். இன்னைக்கு ஆட்டம் முடியட்டும்னு இருந்தேன்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது. ஒரு பையன் பந்தை அந்த நீளக் கோட்டின் மேலேயே, வெளியே போகவிடாமல், கடைசி வரை உருட்டிக்கொண்டு ஓடினான். துணை ஆணையர் அவனைக் கடைசி வரை பார்த்தார். ஆட்டம் முடிந்ததும் வண்டியேறிப் போய்விட்டார்.

அந்த வாரம் ஒருநாள் அத்தான், "தப்பு யோசனை சொல்லிட்டேனா?" என்று என்னிடம் குசுகுசுத்தார்.

வார முடிவில் இரண்டு உத்தரவுகள் வந்தன. அக்காவுக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. அதனால் அவளுக்கு வரவேண்டியிருந்த பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப்போனது. "பதவி உயர்ந்தா பெரிய ஆபீஸ்ல உட்காரணும். ஒரு வருஷம் தப்பிச்சேன்" என்றாள். முழுக்க உண்மை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு அவள் ரொம்ப நன்றாகச் சாப்பிட்டாள்.

இன்னொன்று நூலண்ணனை நிரந்தரமாக்கிய உத்தரவு. அவர் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு படியேறி வந்து, கொஞ்ச நேரம் சாவிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

"மேடம், இனிமே சம்பளத்தோட லீவு உண்டா எனக்கு?"

"உண்டுண்ணே."

"வேலைக்கு வராட்டியும் சம்பளமா?"

"ஆமா."

"அப்ப நாளைக்கு வரல."

மறுநாள் காலை வெயில் ஏறிய பிறகு அக்கா மைதானத்தைச் சுற்றி வந்தாள். பெஞ்சில் தபால்காரரை ஓரமாக ஒதுக்கிவிட்டு, நூலண்ணனும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தம்மாள் நல்ல சேலை உடுத்தியிருந்தாள். இவர் தேய்த்த சட்டை. சட்டைப்பை நூல்கண்டு இல்லாமல், தட்டையாக இருந்தது. மிஷின்காரர் வண்டியோடு கடந்து போகும்போதெல்லாம், "அந்த ஓரத்துல புல்லை விட்டுட்டுப் போறான் பாரு" என்று நூலண்ணன் மனைவியிடம் காட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"லீவு போட்டுட்டு இங்க என்னண்ணே பண்றீங்க?"

நூலண்ணன் எழுந்திருக்கப் பார்த்தார். அந்தம்மாள் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"பூங்காவுக்கு வந்திருக்கோம் மேடம்," என்றார். "நாங்க பொதுமக்கள்."

அக்கா இதை எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள் என்பதற்குக் கணக்கில்லை. அன்று அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அந்தம்மாளுக்குப் பக்கத்தில் மிச்சமிருந்த இடத்தில், பொதுமக்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போனாளாம்.