கள்ளிக்குப் பின்னால் இறங்கிய வெயில்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்கள் மச்சான், அக்கா, அக்காவின் இடுப்பில் குழந்தை, நான். அம்மா நேர்த்திக்கடன் முடிக்க இருக்கன்குடிக்குப் போயிருந்தார். அப்பாவும் வரவில்லை. திருத்தங்கலில் ஒரு அச்சகத்தில் அவருக்குக் காலண்டர் கட்டுகளை லாரியில் ஏற்றுகிற வேலை. அந்த சீசனில் லீவு கேட்க அவருக்கு வாயே வராது. மூன்று வருடத்துக்கு முன், ஆங்கில வருடப் பிறப்பன்று காலையில், காரியாபட்டியில் மச்சானின் கடையில் நடந்தது இது.

எங்கள் வீட்டில் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அக்காவை ஐந்தாவதோடு நிறுத்திப் பட்டாசு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். நான் படித்து, அப்பா லோடு ஏற்றுகிற அதே அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டிசைன் செய்கிற வேலைக்கு வந்தேன். கூடவே போட்டோ பைத்தியமும் பிடித்தது. செகண்ட் ஹேண்டில் ஒரு கேமரா வாங்கினேன்.

அதற்கு முந்தின வருடம்தான் மச்சான் சொந்தமாக மோட்டார், பைப் கடை போட்டிருந்தார். பல வருடம் இன்னொருவர் கடையில் நின்றவர். அக்கா, கல்யாணத்துக்கு முன் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்துச் சேர்த்த நகையைக் கழற்றிக் கொடுத்தாள். கடைக்கு முதல் காலண்டர் அடிக்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது நான்தான் முந்திக்கொண்டேன். சாமி படம் எல்லாக் கடையிலும் கொடுக்கிறார்கள், நாம் வேறு மாதிரி போடுவோம், எந்த வெயிலுக்கும் வாடாத கள்ளிச் செடியைப் போடுவோம், தண்ணீர் இல்லாத சீமையில் பைப் விற்கிற கடைக்கு அதைவிடப் பொருத்தம் என்ன இருக்கிறது என்று பேசினேன்.

"முள்ளுச் செடியா மாப்ள?" என்றார் மச்சான். அக்கா முகத்தைப் பார்த்தார். பிறகு, "சரி, எனக்கென்ன தெரியும். கடை பேர மட்டும் பெருசாப் போட்டுரு" என்றார்.

எங்கள் ஊருக்கு வெளியே பொட்டல் காட்டில் சப்பாத்திக் கள்ளி புதர் புதராக நிற்கும். பகலில் பார்த்தால் தூசி படிந்து, கேரி பை மாட்டிக் கிழிந்து தொங்க, அதைவிட அசிங்கமான செடி இல்லை. சூரியன் அதற்குப் பின்னால் போகும்போதுதான் கதையே வேறு. ஒவ்வொரு முள்ளும் பற்றிக்கொண்ட மாதிரி ஜொலிக்கும். மடலின் ஓரத்தில் பொன் கம்பி வைத்துத் தைத்தது போல ஒரு கோடு ஓடும். பழங்கள் உள்ளிருந்து விளக்கேற்றியது போலச் சிவக்கும்.

காலை வெயிலில் எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அந்தப் பொட்டலில் கிழக்கே பார்த்துக் கேமராவைத் தூக்கினால் எதிரே பட்டாசுக் கம்பெனி வேலியும் ஷெட்டுகளும்தான். இன்ஸ்பெக்‌ஷன் ஆள் என்று நினைத்து வாட்ச்மேன் கம்போடு ஓடிவருவார். அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் மேற்கே பார்த்து எடுத்தேன்.

முதலில் எடுத்த படத்தில் வானமும் கள்ளியும் மட்டும்தான். முள்ளில் ஒளி அழகாக வந்திருந்தது. போட்டோ எடுக்கிறவர்கள் குழு ஒன்றில் போட்டேன். 'வெளிச்சம் அருமை, படத்தில் ஆழம் இல்லை, பின்னணி வெறுமையாக இருக்கிறது' என்று ஒருவர் எழுதினார். அது என்னைத் தூங்க விடவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் அந்தக் கள்ளியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கேரி பைகளைப் பிய்த்தெடுத்து, கையெல்லாம் முள் ஏறியது. கடைசியில் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து, தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்தபோது எல்லாம் கூடி வந்தது. இடது ஓரத்தில் கள்ளி, அடியில் நீல மலைத்தொடர், மலையின் பள்ளத்தில் சூரியன், வலது பக்கம் கடை பெயர் போட வெற்று வானம். என் வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல படம் அதுதான். இன்றைக்கும் அதுதான்.

வருடப் பிறப்பன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அக்கா மிட்டாயும் நான் காலண்டரும் கொடுத்தோம். கிணற்று மோட்டார் விலை விசாரிக்க வந்த, விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி காலண்டரை விரித்து ரசித்துப் பார்த்தார்.

"படம் சோக்கா இருக்கேப்பா. எங்கன எடுத்தது?"

"எங்க ஊருப் பொட்டல்லதாண்ணே. நாந்தான் எடுத்தேன்."

"இந்தா தெரியுறது மலையா?"

"ஆமாண்ணே, மலையேதான்" என்றேன். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அவர் மச்சான் பக்கம் திரும்பினார். "நம்ம சீமைக்கு மலை மேக்கதானே கெடக்கு? அப்ப பொழுது அடையுறதயா போட்டிருக்கீக? கடை தொறந்து வருசம் திரும்பல, அதுக்குள்ள பொழுத அடைய விட்டுட்டீகளே மொதலாளி!"

பக்கத்தில் நின்றவர் விடவில்லை. "நம்ம மோட்டாருக்கு ராத்திரிதான கரெண்டு விடுதான். அதான் இருட்டப் போட்டிருக்காக." எல்லாரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வெறும் வானத்தோடு இருந்த முதல் படத்தைப் போட்டிருந்தால் அது உதயமா அஸ்தமனமா என்று எந்தக் கொம்பனாலும் சொல்லியிருக்க முடியாது. மலையைக் கொண்டுவந்து வைத்தது நான். அது மலைதான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னதும் நான்.

"மாப்ள, மிச்சக் கட்ட மேல தூக்கிப் போட்டுரு" என்றார் மச்சான். மத்தியானம் ஒரு அம்மா காலண்டரைச் சுருட்டித் திரும்பக் கொண்டுவந்தார். "எங்க மாமியா இத வீட்டுல மாட்டக் கூடாதுன்னுட்டாக. கோவிச்சுக்கிறாதீக. சாமி படம் இருந்தாக் குடுங்க." எங்களிடம் சாமி படம் இல்லை.

அந்தக் கோடையில் போர்வெல்களில் தண்ணீர் கீழே போய்விட்டது. கடனுக்கு மோட்டார் வாங்கியவர்களால் கொடுக்க முடியவில்லை. எதிர் வரிசையில் மதுரை ஆள் ஒருவர் பெரிய கடை திறந்தார். அடுத்த மார்கழி வருவதற்குள் மச்சான் ஷட்டரை இறக்கிவிட்டார். ஊரில் ஒருவரும் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. மச்சானின் அம்மா எங்கள் வீட்டுக்கே வந்து, "பொழுதடைஞ்ச படத்தக் குடுத்து எம்புள்ள பொழப்ப அடைய வச்சிட்டீகளே" என்று அழுதுவிட்டுப் போனார். மச்சான் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. திருப்பூருக்குக் கம்பெனி வேலைக்குப் போனவர் அக்காவைக் கூப்பிட்டுக்கொள்ளவும் இல்லை. அவளும் குழந்தையும் எங்களோடுதான் இருக்கிறார்கள். திரும்பவும் பட்டாசு வேலைக்குப் போகிறாள்.

ஒருநாள் அவளிடம் தண்ணீர், கடன், எதிர்க்கடை என்று காரணங்களை விளக்கினேன். முழுதாகக் கேட்டாள். "எனக்கும் தெரியும்லே. அந்தப் படம் எனக்கு அம்புட்டுப் பிடிச்சிருந்துச்சு. அவுககிட்ட இதையே போடுங்கன்னு சொன்னதும் நாந்தான்" என்றாள்.

இப்போது அச்சகத்தில் சூரியன் உள்ள படம் டிசைனுக்கு வந்தால் முதலில் பின்னணியைத்தான் பார்க்கிறேன். கடல் இருந்தால் நிம்மதி, நமக்குக் கடல் கிழக்கே. மலை இருந்தால் கை நின்றுவிடுகிறது. அஸ்தமனப் படம் ஒரு கடையை மூடாது என்று படித்த புத்தி சொல்கிறது; அக்கா கையில் பட்டாசின் வெள்ளி மருந்து அப்பி வீடு திரும்பும்போது அந்தப் புத்தியால் எனக்கு ஒரு உபயோகமும் இல்லை. மச்சான் கடையில் போனது நாலு லட்ச ரூபாய், அதில் பாதிக்குமேல் அக்காவின் நகை. அந்த நாலு லட்சத்தில் என் மலையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இந்தச் சீமையில் ஆள் இல்லாததால், முழுவதும் என் கணக்கில்தான் நிற்கிறது.