சகோதரி மாவடு

எங்கள் வீட்டுக்கு இணைய இணைப்பைச் சரிபார்க்க வந்தவர், என் கணவருடைய கணினித் திரையை எட்டிப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார். திரை முழுக்கக் கருப்பு. அதில் வெள்ளை எழுத்துகள். படம் இல்லை, பொத்தான் இல்லை, மௌஸைப் பிடித்து ஆட்டினால் நகர்வதற்கு ஓர் அம்புக்குறிகூட இல்லை.

"இன்னா சார், சிஸ்டம் பூட்ச்சா? எப்பத்லேந்து இப்டி கீது?"

"இருபத்தஞ்சு வருஷமா," என்று நான் சமையலறையிலிருந்து பதில் சொன்னேன். கணவர் யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தார்.

சென்னைப் புறநகரான கரையான்சாவடியில் எங்கள் அடுக்ககத்தில் இருப்பவர்கள் பாதிப்பேர் ஐடிக்காரர்கள்தான். வேலை முடிந்ததும் மற்ற மனிதர்களைப் போலச் செல்போனில் வீடியோ பார்த்துக் கெட்டுப்போவார்கள். இவர் மட்டும் அலுவலகக் கணினியை மூடிவிட்டு இன்னொரு கணினியில் இந்தக் கருப்புத் திரையைத் திறப்பார். டெர்மினல் என்று அதற்குப் பெயர். அதற்குள் ஒரு புரோகிராம் ஓடும். அதில் விவாதக் குழுக்களைப் படிப்பார். எல்லாம் விசைப்பலகையிலேயே. ஓர் எழுத்தை அழுத்தினால் அடுத்த கடிதம், இன்னொன்றை அழுத்தினால் பதில். இணையம் வந்த புதிதில் உலகமே இப்படித்தான் பேசிக்கொண்டதாம். பிறகு உலகம் வேறு இடத்துக்குக் குடிபோய்விட்டது. இவர் போகவில்லை.

"விளம்பரம் கிடையாது, லைக் கிடையாது, வெறும் எழுத்து. இதான் இன்டர்நெட். நீங்கள்லாம் பாக்கறது சந்தை," என்பார். அந்த 'நீங்கள்லாம்' என்பதில் நான், புனேவில் வேலை பார்க்கும் எங்கள் மகள், அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழு, மீதமுள்ள மனித குலம் எல்லோரும் அடக்கம்.

அவர் உயிராக மதித்தது ஒரு தமிழ்க் குழு. வெளிநாட்டில் யாரோ ஓர் உறுப்பினர் வீட்டில் இருக்கும் பழைய கணினியில் அது ஓடிக்கொண்டிருந்தது. உறுப்பினர்களில் எழுதுகிறவர்கள் ஒரு வேனில் அடங்கிவிடுவார்கள். அத்தனை பேரும் ஆண்கள், அத்தனை பேரும் ஐம்பதை நெருங்கியவர்கள் அல்லது தாண்டியவர்கள், அத்தனை பேருக்கும் கழுத்து வலி. அந்தத் திரையில் தமிழ் ஒழுங்காகவும் தெரியாது. கொம்பு ஓரிடத்தில் நிற்கும், அதற்குரிய எழுத்து தள்ளிப்போய் நிற்கும், புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில் ஏறிக்கொள்ளும். இப்படிப் புள்ளியே சரியாகத் தெரியாத திரையின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, ஒற்று மிகுமா மிகாதா என்று அவர்கள் அடித்துக்கொள்வார்கள். ஒரு பொங்கலுக்கு ஒருவர் 'பொங்கல் வாழ்த்துக்கள்' என்று எழுதிவிட்டார். 'வாழ்த்துகள்' என்பதே சரி என்று இன்னொருவர் கிளம்பினார். சித்திரை பிறந்த பிறகும் சண்டை ஓயவில்லை. கடைசிவரை ஒருவரும் அந்த மனிதரைத் திருப்பி வாழ்த்தவில்லை.

குழுவுக்கென்று ஆசாரங்கள் உண்டு. முன்னவர் எழுதியதை வரிவரியாக வெட்டி, ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் ஒரு கூர்க்குறி போட்டு, அதற்குக் கீழேதான் பதில் எழுத வேண்டும். மேலே எழுதினால் தீட்டு. ஒருவரைப் பிடிக்கவில்லை என்றால் ஒரு விசையை அழுத்தி அவரை ஒழித்துவிடலாம். அதன்பிறகு அவர் எழுதுவது எதுவும் நம் திரையில் வராது. அப்படிச் செய்ததும் 'தொப்' என்று ஒரே சொல்லில் பொதுவில் அறிவிப்பது மரபு. ஆளைக் கிணற்றில் போட்ட சத்தமாம். என் கணவர் மட்டும் யாரையும் தொப் போட்டதில்லை. எப்பேர்ப்பட்ட அரைவேக்காட்டுக்கும் உட்கார்ந்து வரிக்கு வரி பதில் எழுதுவார். முகம் தெரியாதவர்களிடம் அவருக்கு அவ்வளவு பொறுமை.

என்னிடம் அவருக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. பார்க்கலாம். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, ஆளைக் கூப்பிடலாமா? பார்க்கலாம். வெள்ளிக்கிழமை மாங்காட்டு அம்மன் கோயிலுக்குப் போய்வரலாமா? பார்க்கலாம். சாப்பாட்டுக்கு என்ன செய்யட்டும்? அதற்கும் பார்க்கலாம். எதைப் பார்ப்பார், எப்போது பார்ப்பார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் நான் வேலை பார்த்த அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி, ஓசூருக்கு மொத்தமாக இடம் மாறுவதாக அறிவித்தது. பம்புகளுக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனி. நான் கொள்முதல் பிரிவில் இருந்தேன். ஓசூருக்கு வந்தால் பிரிவின் முழுப் பொறுப்பும் எனக்கு என்றார்கள். மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும். எனக்குக் கீழே பழகியவர்கள் எல்லாம் மேலே போய், எனக்கே கையெழுத்துப் போட்டு லீவு கொடுத்த காலத்தைப் பார்த்தவள் நான். அந்த நாற்காலி எனக்கு வேண்டும். இந்த மனிதரும் கூட வேண்டும். அவர் வேலை முழுக்க வீட்டிலிருந்துதான். ஓசூரிலும் இணையம் இருக்கிறது, கருப்புத் திரையும் அங்கே கருப்பாகத்தான் இருக்கும். "நீங்களும் வர்றீங்களா?" என்று கேட்டேன். என்ன சொன்னார் என்று எழுத வேண்டியதில்லை.

பேக்கிங் பிரிவில் முத்தாபுதுப்பேட்டைக்காரி ஒருத்தி எனக்கு நல்ல சிநேகிதி. தினமும் மதியம் சேர்ந்துதான் சாப்பிடுவோம். அவள் டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டாள்.

"அக்கா, உங்க ஊட்ல இன்னா சொன்னாரு?"

"பார்க்கலாம்ங்கறார்."

"எங்க ஊட்ல ஒரே வார்த்தைல வோணாம்னாரு. நானும் ஒரே வார்த்தைல போவேன்னேன். அப்பால செம சண்டை. இப்போ அவரே ஓசூர் போய் ஊடு பாத்துகினு கீறாரு. உங்காளு இன்னும் இன்னாத்தக்கா பாத்துகினு கீறாரு?"

அவளுக்குக் கிடைத்த அந்தச் சண்டையின் மீது எனக்குப் பொறாமையாக இருந்தது.

அன்றைக்குப் பேருந்தில் திரும்பி வரும்போது புத்தி வேலை செய்தது. இந்த மனிதர் முகம் தெரியாதவர்களுக்குத்தானே பதில் சொல்வார்? அப்படியானால் நானும் முகம் தெரியாதவளாக ஆகிவிட வேண்டியதுதான். படுக்கையறையில் இருந்த பழைய மடிக்கணினியிலும் அதே புரோகிராமைப் போட்டு வைத்திருந்தார், ஆத்திர அவசரத்துக்கு உதவும் என்று. எந்த எழுத்தை அழுத்தினால் என்ன ஆகும் என்பது, காப்பி டம்ளருடன் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று நின்றே எனக்குப் பாடமாகியிருந்தது. குழுவில் சேரப் புனைபெயர் கேட்டது. அப்போதுதான் ஊறுகாய் போட்டுவிட்டு வந்திருந்தேன். மாவடு என்று கொடுத்தேன்.

பழகிக்கொள்வதற்காக முதலில் யாருக்கோ சும்மா ஒரு பதில் போட்டேன். மேலே எழுதிவிட்டேன். சற்று நேரத்தில் ஹாலில் விசைகள் படபடவென்று சத்தம் போட்டன. என் திரையில் கடிதம் வந்து விழுந்தது: "நண்பர் மாவடு அவர்களுக்கு, வணக்கம். பதிலைக் கீழே எழுதுவதே இங்கு மரபு. புதியவர் என்பதால் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தங்கள் வருகை நல்வரவாகுக." என் வீட்டுக்காரர் என்னை வரவேற்றிருந்தார். கல்யாணத்தின்போதுகூட இந்த மரியாதை கிடைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மதியம் கதவைச் சாத்திக்கொண்டு என் கேள்வியை எழுதினேன். எதையும் மறைக்கவில்லை. அம்பத்தூர் என்றே எழுதினேன், ஓசூர் என்றே எழுதினேன், கணவர் வீட்டிலிருந்து வேலை செய்கிறார் என்றும் எழுதினேன். கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அனுப்பிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் ஹாலிலிருந்து குரல் வந்தது.

"கொஞ்சம் காப்பி கிடைக்குமாம்மா? ஒரு முக்கியமான பதில் எழுதிட்டிருக்கேன்."

"யாருக்கு?"

"பாவம், யாரோ ஒரு பொம்பளை. புருஷன் சரியில்ல போல."

காப்பியைப் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை. பயந்தது வீண். கம்பெனி எந்த ஊருக்குப் போகிறது என்பது காதில் விழுந்திருந்தால்தானே சந்தேகம் வர?

சாயங்காலம் பதில் வந்தது. திரையைத் தாண்டித் தாண்டி ஓடியது. அதற்குள் இரண்டு உறுப்பினர்கள் இடையில் புகுந்து, ஓசூரா ஒசூரா என்று ஆரம்பித்திருந்தார்கள். அவர்களைத் தள்ளிவிட்டுப் படித்தேன்.

"சகோதரி மாவடு அவர்களுக்கு," என்று தொடங்கியிருந்தது.

கட்டிய புருஷன் என்னைச் சகோதரி என்று எழுதியிருந்தார். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன், வயிறு வலிக்கும் வரை சிரித்தேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிதத்தில் கீழே போனேன்.

> என் கணவர் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்.

அப்படியானால் அவருக்கு ஒரு தடையும் இல்லை. நாற்காலியை விட்டு எழ மனமில்லை, அவ்வளவுதான்.

> கோபக்காரர் இல்லை. நல்லவர்தான்.

பதில் சொல்லாதவர்களை நாம் நல்லவர்கள் என்று எண்ணிக்கொள்கிறோம், சகோதரி. அவர்கள் சண்டைக்குச் சோம்பல்படுகிறவர்கள்.

> எதைக் கேட்டாலும் பார்க்கலாம் என்கிறார்.

பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று பொருள். மாட்டேன் என்று சொல்லத் துணிவில்லாதவர்கள் பயன்படுத்தும் சொல் அது.

> அவர் கூட வருவாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வரமாட்டார். காத்திருக்காதீர்கள். நீங்கள் போங்கள்.

கடைசி வரியைப் படித்தபோது சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எவ்வளவு தெளிவாக, எவ்வளவு அக்கறையாக எழுதியிருந்தார். ஒரு பிழை இல்லை. ஒற்றுகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்திருக்கும், திரையில்தான் தெரியவில்லை. இவ்வளவு நல்ல மனிதர் என் வீட்டு ஹாலிலேயே உட்கார்ந்திருந்தும் எனக்கு ஒரு நாளும் கிடைக்கவில்லையே என்று ஆத்திரம் பொங்கியது. அழுதேன்.

திங்கட்கிழமை போய்ச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன். வந்து ராத்திரிச் சாப்பாட்டில் ரசம் ஊற்றும்போது சொன்னேன்.

"ஓசூருக்கு வர்றேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

சோற்றைப் பிசைந்த அவர் கை அப்படியே நின்றது. "ஓசூரா? என்னைக் கேக்காமயா?"

"உங்களைக் கேட்டேன். பார்க்கலாம்னீங்க. அப்புறம் இன்டர்நெட்ல ஒருத்தரைக் கேட்டேன். அவர் வரிக்கு வரி விளக்கமா எழுதினார். புருஷன் வரமாட்டார், நீங்க போங்கன்னார். ரொம்ப விஷயம் தெரிஞ்ச மனுஷன் மாதிரி இருந்துது."

ரசத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினார். ஹாலில் விசைகள் கொஞ்ச நேரம் சத்தம் போட்டு, சட்டென்று ஓய்ந்தன. மறுநாள் காலையில், ஃப்ரிட்ஜில் பால் இருக்கும்போதே பால் வாங்கக் கடைக்குப் போனார். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. அந்த வாரம் முழுக்கக் கருப்புத் திரையை அவர் திறக்கவே இல்லை. குழுவில் இரண்டு பேர் நலமா என்று விசாரித்திருந்தார்கள். மூன்றாமவர், விசாரித்தவரின் சந்திப் பிழையைத் திருத்தியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது ஹாலில் சத்தம் கேட்டது. தட்டுவார், நிறுத்துவார், மறுபடி தட்டுவார். எனக்குப் பொறுக்கவில்லை. மடிக்கணினியைத் திறந்தேன்.

அவர் தன்னுடைய பழைய கடிதத்தையே வெட்டி, அதற்குக் கீழே பதில் எழுதியிருந்தார். இந்தமுறை வணக்கமும் இல்லை, சகோதரியும் இல்லை.

> பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று பொருள்.

எல்லா நேரமும் அப்படி இல்லை. பயம் என்றும் பொருள். உனக்கு அங்கே ஒரு பெரிய வேலை இருக்கும். எனக்கு நீ மட்டும்தான் இருப்பாய்.

> வரமாட்டார்.

எழுதியவனுக்கு ஒன்றும் தெரியாது. வருகிறேன்.

குழுவில் இருக்கிற அத்தனை கழுத்து வலிக்காரர்களும் இதைப் படிக்கப்போகிறார்கள் என்று முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு, படிக்கட்டுமே என்று தோன்றியது. எழுந்து ஹாலுக்குப் போனேன். திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன.

"அதை வாயத் திறந்து சொல்லுங்க," என்றேன்.

"வர்றேன்," என்றார்.

"நான் லேடீஸ் ஹாஸ்டல்ல இடம் சொல்லிட்டேன். அங்க உங்கள வாசலோட நிறுத்திடுவாங்க. வீடு பாக்க வேண்டியது உங்க வேலை."

நாற்காலியோடு முழுசாக என் பக்கம் திரும்பினார்.

"கம்பெனிக்கு எந்தப் பக்கம் பாத்தா உனக்குப் போக வர சௌகரியம்?" என்று கேட்டார். "அங்க தண்ணி எப்படி? பஸ் இருக்கா? நீ காலையில எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

இந்த மனிதர் என்னிடம் கடைசியாக எப்போது ஒரு கேள்வி கேட்டார் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன்.